வக்கீலம்மாவிடம் கேளுங்கள்: கழுவிக் கொண்டுவந்த பவுடர் டப்பா

போன இதழில், அமெரிக்காவில் பவுடர் போட்டுவந்த பெண்கள் தங்களுக்குச் சினைப்பைப் புற்று வந்ததற்காக ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி மேல் போட்ட வழக்குகள் பற்றி நான்கே வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. முக்கால்வாசி நம் மதுரை, சுற்றுவட்டாரத்திலிருந்துதான். அதனால் பட்டா, பாகப்பிரிவினை கேட்டவர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை பவுடர் மட்டும்.

என் அம்மாவுக்கு 58 வயது. போன தை மாதம் சினைப்பைப் புற்று என்று தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து பாலரெங்காபுரத்தில் கீமோ நடக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு வேளையும் குளித்துவிட்டு உடம்பெல்லாம், தொடை இடுக்கிலும் பவுடர் போடுவார். பில் எதுவும் இல்லை. மதுரையிலேயே வழக்குப் போட முடியுமா? "என் கையாலேயே தேடிக்கிட்டேனே" என்று அம்மா தினமும் அழுகிறார்.
– வாசகி, வாடிப்பட்டி

கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன், தங்கச்சி. என் சித்தி சோழவந்தானில் இருந்தார். 2009-இல் இதே நோயில் போனார். அப்போது எங்கள் வீட்டில் யாரும் பவுடரைப் பற்றிப் பேசவில்லை. சித்திக்குக் குழந்தை இல்லை. "பெத்துக்காத வயிறு, அதான் சாமி இப்படிக் குடுத்துருச்சு" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். எந்தக் காரணம் கிடைத்தாலும் பெண்கள் அதை எடுத்துத் தங்கள் தலையில்தான் போட்டுக்கொள்கிறார்கள். உங்கள் அம்மா கடையில் பகிரங்கமாக விற்ற பொருளை, காசு கொடுத்து வாங்கி, எல்லோரும் போடுகிற மாதிரிதான் போட்டார். அந்த இடத்தில் போடாதே என்று டப்பாவில் எழுதியிருந்ததா? இல்லை. அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

சட்டமும் அதைத்தான் கேட்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் 'பொருள் பொறுப்பு' என்று தனி அத்தியாயமே இருக்கிறது. 82 முதல் 87 வரையிலான பிரிவுகள். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கின்றன. 84-வது பிரிவின்படி, பொருளில் குறை இருந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு. சரியாகப் பயன்படுத்துவது எப்படி என்ற விவரமோ தேவையான எச்சரிக்கையோ டப்பாவில் இல்லாவிட்டாலும் பொறுப்பு. உடம்புக்கு வந்த நோய், மரணம், மன உளைச்சல் எல்லாவற்றுக்கும் ஈடு கேட்கலாம்.

மதுரையிலேயே போடலாம். கம்பெனி மும்பையில் இருந்தாலும், வழக்குப் போடுகிறவர் குடியிருக்கும் ஊரில் போடலாம் என்று 34-வது பிரிவு சொல்கிறது. எந்த அளவு நஷ்ட ஈடு கேட்டாலும் முதலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ஏனென்றால் இப்போது கணக்குப் பார்ப்பது நீங்கள் கேட்கும் தொகையை வைத்து இல்லை, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்து. 50 லட்சம் வரை மாவட்டம். நாம் கொடுத்தது டப்பாவுக்கு ஐம்பதோ நூறோ. இது நியாயமா என்று ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். முறை சரிதான் என்று 2025 ஏப்ரலில் தீர்ப்பு வந்துவிட்டது. ஒரு நல்லது, விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கோர்ட் கட்டணம் கிடையாது.

இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நோய் உறுதியான தேதியிலிருந்து என்று நாம் வாதாடலாம். அந்த பயாப்சி ரிப்போர்ட்டின் தேதியை இன்றே காலண்டரில் குறித்து வையுங்கள். தாமதமானால் 69-வது பிரிவில் மன்னிப்பு மனு உண்டு. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

பில் இல்லாததற்குக் கலங்க வேண்டாம். மளிகைக் கடையில் முப்பது வருடம் முன்னால் வாங்கிய பவுடருக்கு யாரிடம் பில் இருக்கும்? வழக்கமாக வாங்கிய கடைக்காரர், கூட இருந்த சொந்தக்காரர்கள், அம்மா எல்லோரும் பிரமாண வாக்குமூலம் கொடுக்கலாம். அப்பா வாங்கிவந்து அம்மா போட்டிருந்தாலும் அம்மாவும் நுகர்வோர்தான்.

இப்போது டப்பாவுக்கு வருகிறேன். போன வருடம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் வந்தார். மனைவியை இழந்தவர். மஞ்சப்பைக்குள்ளிருந்து ஒரு பழைய தகர டப்பாவை எடுத்து என் மேஜையில் வைத்தார். மூடியைத் திருகினால் ஓட்டை தெரிகிற பழைய மாடல். பளபளவென்று இருந்தது. "வக்கீல்கிட்ட கொண்டுபோறோம், அழுக்கா இருக்கக் கூடாதுன்னு சோப்புப் போட்டுக் கழுவிட்டேம்மா" என்றார். அடியில் அடித்திருந்த பேட்ச் நம்பரில் பாதி தேய்த்ததிலேயே போயிருந்தது. ஓட்டை மூடியின் உள்பக்க விளிம்பில், ஈரத்தில் இறுகிப்போய், கடுகளவு பவுடர் மட்டும் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அவர் மரியாதைக்குச் செய்தது அது. அவரை நான் என்ன சொல்ல?

அதனால் கேட்டுக்கொள்கிறேன். பரணில், அஞ்சறைப் பெட்டி பக்கத்தில், பழைய சூட்கேஸில் டப்பா கிடந்தால் துடைக்காதீர்கள், கொட்டாதீர்கள், திறந்தும் பார்க்காதீர்கள். இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, ஒரு கவரில் போட்டுக் கட்டி, தேதி எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வையுங்கள். இன்றைக்குப் புதிதாக வாங்கிய டப்பா 1995-இல் வாங்கிய டப்பாவுக்குச் சாட்சி சொல்லாது. பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அனுப்புவதற்கு ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா?

இன்னொன்று. ஆபரேஷனில் எடுத்த சதையின் துண்டை மெழுகில் பதித்து 'பிளாக்' என்று பரிசோதனைக் கூடத்தில் வைத்திருப்பார்கள். அதைக் காலாகாலத்துக்கும் வைத்திருக்க மாட்டார்கள். "அழித்துவிட வேண்டாம், எங்களுக்குத் தேவைப்படும்" என்று எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அமெரிக்க வழக்குகளில் இந்தச் சதைத் துண்டை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்து டால்க் துகள் இருக்கிறதா என்று நிபுணர்கள் தேடியிருக்கிறார்கள்.

சுலபமாக ஜெயிக்கலாம் என்று சொல்ல மாட்டேன். "பவுடரால்தான் வந்தது" என்று உங்கள் டாக்டர் எழுதித் தர மாட்டார். அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது, ஒரு நோயாளியைப் பார்த்து யாராலும் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. பரம்பரை மரபணு காரணமாக இருக்கலாம் என்று எதிர்த்தரப்பு கேட்கும். இது சிக்கலான விஷயம், சிவில் கோர்ட்டுக்குப் போகட்டும் என்று முதல் வாய்தாவிலேயே சொல்லும். அதையெல்லாம் தாங்குவதற்குத்தான் மேலே சொன்ன டப்பாவும் பிளாக்கும். முதலில் மாவட்டக் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. போனில் என்றால் 15100.

டால்க் என்பது வெறும் கல் பொடி. அதனால் புற்றுநோய் வரும் என்பது நிரூபணமாகிவிட்டதா, இல்லையா? ஒரு நாள் வரும் என்கிறார்கள், மறுநாள் வராது என்கிறார்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மேலூர்

ஐயா, நம் வீட்டுக் கல்சட்டி செய்கிற மாக்கல்லில் அதிகம் இருப்பதும் டால்க்தான். நகத்தால் கீறினால் பொடியாக வரும், அவ்வளவு மிருதுவான தாது. சிக்கல் என்னவென்றால், பூமிக்குள் டால்க் கிடக்கிற இடத்திலேயே பல சமயம் கல்நாரும் கிடக்கிறது. கூரை ஷீட்டில் போடுகிற அதே ஆஸ்பெஸ்டாஸ். அது புற்றுநோய் தரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஜான்சன் கம்பெனியின் பவுடரில் 1971 முதல் 2000-களின் தொடக்கம் வரை சில சோதனைகளில் கல்நார் சிறிதளவு தென்பட்டது, கம்பெனிக்கு அது தெரியும் என்று 2018 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் உள் ஆவணங்களை வைத்து எழுதியது. கம்பெனி அன்றும் மறுத்தது, இன்றும் எங்கள் பவுடரில் கல்நார் இல்லை, அது பாதுகாப்பானது என்றுதான் சொல்கிறது.

கல்நார் கலக்காத டால்க் விஷயத்தில்தான் நீங்கள் கேட்கும் இழுபறி. 1982-இல் ஹார்வர்டைச் சேர்ந்த டேனியல் கிரேமர் குழு, சினைப்பைப் புற்று வந்த பெண்களையும் வராத பெண்களையும் கேட்டு, பவுடர் பழக்கத்துக்கும் நோய்க்கும் தொடர்பு தெரிகிறது என்று எழுதியது. நோய் வந்த பிறகு கேட்டால் ஞாபகம் தடுமாறும், கூட்டிச் சொல்லத் தோன்றும் என்பது அந்த மாதிரி ஆய்வின் குறை. அதனால் முதலிலேயே கேட்டுவைத்துக்கொண்டு வருடக்கணக்கில் கவனித்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சுமார் 2,50,000 பெண்கள். 2020-இல் வந்த முடிவு, உறுதியாகச் சொல்லும் அளவுக்குத் தொடர்பு இல்லை என்றது. 2024-இல் 50,000-க்கும் மேற்பட்ட பெண்களின் தகவலை அதே ஆய்வாளர்களில் சிலர் வேறு விதமாகச் சலித்துப் பார்த்தபோது தொடர்பு தெரிந்தது. அதே வருடம் ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டால்க்கை '2ஏ' பிரிவில், அதாவது 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வரிசையில் சேர்த்தது. சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கிற வரிசை அது. எவ்வளவு பேருக்கு வரும் என்பதை அது சொல்லாது.

நான் வக்கீல், டாக்டர் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. 1982-லிருந்து இந்தக் கேள்வி உயிரோடு இருந்திருக்கிறது. நிரூபணமாகும் வரை வாங்குகிறவளிடம் சொல்லாமல் இருக்கலாம் என்று எந்த நியாயம் சொல்கிறது? சிறியதாக ஒரு வரி டப்பாவில் அச்சடிக்க என்ன செலவு?

எங்கள் தெருவுக்கு ஒருவர் வந்தார். புற்றுநோய் வந்த பெண்கள் பெயரை அமெரிக்க வழக்கில் சேர்ப்பதாகவும், தீர்ப்பு ஆகிவிட்டதால் ஆளுக்கு 15 லட்சம் வரும் என்றும் சொல்கிறார். 6,000 ரூபாய், ஆதார் நகல், ஒரிஜினல் ஸ்கேன் ரிப்போர்ட் கேட்கிறார். என் அக்கா கொடுத்துவிட்டார். நானும் கொடுக்கலாமா?
– வாசகி, திருமங்கலம்

கொடுக்காதீர்கள். அக்கா கொடுத்ததை இன்றைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள், பணத்தைவிட முதலில் ஒரிஜினல் ரிப்போர்ட்டை. தர மறுத்தால் திருமங்கலம் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 2013-இல் தெற்கு டகோட்டாவில் டீன் பெர்க் என்ற பெண்ணின் வழக்குத்தான் முதலில் ஜூரி முன், அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழு முன், வந்தது. சமாதானத்துக்கு 13 லட்சம் டாலர் தருகிறோம் என்றது கம்பெனி, விஷயத்தை வெளியில் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு. அவர் வாங்கவில்லை. டப்பாவில் எச்சரிக்கை வேண்டும் என்றார். கம்பெனி அலட்சியமாக இருந்தது உண்மை என்று ஜூரி சொன்னது. நஷ்ட ஈடு ஒரு சென்ட்கூடக் கொடுக்கவில்லை. அந்தப் பெண்மணியை நினைத்தால் எனக்கு இன்றும் கை கூப்பத் தோன்றும். பின்னால் வந்த அத்தனை வழக்குக்கும் வாசல் திறந்தவர் அவர்தான்.

அடுத்து ஜாக்குலின் ஃபாக்ஸ். அலபாமா மாநிலத்துக்காரர். தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டார். 2016-இல் மிசௌரி மாநில ஜூரி அவர் குடும்பத்துக்கு 7 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தது. அடுத்த வருடமே ரத்து. காரணம் என்ன தெரியுமா? அலபாமா பெண்ணின் வழக்கை மிசௌரி கோர்ட் விசாரிக்க அதிகாரம் இல்லை என்பது. அதே நாட்டில் வேறு மாநிலத்துக்காரருக்கே அந்தக் கதி. திருமங்கலத்தில் வாங்கி, திருமங்கலத்தில் போட்ட பவுடருக்கு அங்கே யார் கதவு திறப்பார்கள்? போபால் விஷவாயு வழக்கையே 1986-இல் நியூயார்க் நீதிமன்றம் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டது.

ஜெயித்தவர்களுக்கும் உடனே கிடைத்ததா? 2018-இல் 22 பெண்களுக்கு 469 கோடி டாலர் என்று செயின்ட் லூயிஸில் தீர்ப்பு. அப்போதே அவர்களில் ஆறு பேர் உயிரோடு இல்லை. மேல்முறையீட்டில் அது 212 கோடியாகக் குறைந்தது. 2021 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கம்பெனியின் மனுவை எடுக்க மறுத்த பிறகுதான் முடிவுக்கு வந்தது. மற்றவர்கள்? வழக்குகளை மட்டும் ஒரு புதுத் துணை நிறுவனத்தின் தலையில் கட்டி, அந்த நிறுவனம் திவால் என்று மனுப்போட்டது கம்பெனி. 2021, 2023, 2024 என்று மூன்று முறை. மூன்றையும் நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன. கடைசியாக ஹூஸ்டனில் 2025 மார்ச் 31-இல். அங்கேயே 60,000-க்கும் மேற்பட்டவர்கள் காத்திருக்கிறார்கள். உங்கள் தெருவுக்கு வந்தவர் சொல்லும் 15 லட்சம் எந்தக் கணக்கிலும் இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வரும் தொகையில் இத்தனை சதவீதம் ஃபீஸ் என்று பேசிக்கொள்ள இந்தியாவில் வக்கீலுக்கு அனுமதி கிடையாது. பார் கவுன்சில் விதி. அப்படிப் பேசுகிறவர் வக்கீலே ஆனாலும் விலகி வந்துவிடுங்கள்.

கீழமாசி வீதியில் மொத்தக் கடை. மூன்று கம்பெனி பவுடர் சப்ளை செய்கிறோம். கேஸ் வந்தால் எங்களையும் இழுப்பார்களா?
– கடைக்காரர், மதுரை

இழுப்பார்கள் அண்ணாச்சி, எதிர்மனுதாரர் பட்டியலில் பெயர் வரும். ஆனால் சீல் உடைக்காமல் வாங்கி அப்படியே விற்றிருந்தால் 86-வது பிரிவு உங்களைக் காப்பாற்றும். தயாரித்தவர் யாரென்றே தெரியாத சரக்கு, லேபிளை மாற்றிய சரக்கு, "குழந்தைக்கு ஒண்ணும் பண்ணாது, நான் கேரண்டி" என்று நீங்களாகச் சொல்லி விற்றது, இந்த மாதிரி விஷயங்களில்தான் முக்கியமாக மாட்டுவீர்கள். கொள்முதல் பில்களைப் பேட்ச் நம்பரோடு எடுத்து வையுங்கள். மூட்டையில் வாங்கிச் சொந்தப் பெயரில் லேபிள் ஒட்டுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதற்குத் தயாரிப்பு லைசென்ஸே வேண்டும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நான்கு மாதக் குழந்தை. மாமியார் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, கழுத்து தொடை எல்லாம் வெள்ளையாகப் பவுடர் அப்புகிறார். வேண்டாம் என்றால் "என் பிள்ளை இப்படித்தான் வளர்ந்தான்" என்கிறார். இங்கே விற்பதற்குச் சோதனை எதுவும் கிடையாதா?
– இளம் தாய், அலங்காநல்லூர்

சோதனை உண்டு. 2018 கடைசியில் நம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஜான்சன் தொழிற்சாலைகளில் மாதிரி எடுத்தது. கல்நார் இல்லை என்று 2019 பிப்ரவரியில் முடிவு வந்தது. 2022-இல் பி.எச். அளவு, அதாவது அமில-காரத் தன்மை, சரியில்லை என்று மகாராஷ்டிர அரசு முலுண்ட் ஆலையின் லைசென்ஸை ரத்து செய்தது. 2023 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கிவிட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2020-இல் டால்க் பேபி பவுடரை நிறுத்திய அதே கம்பெனி, 2023-இல் உலகம் முழுக்க நிறுத்திச் சோள மாவுக்கு மாறப்போவதாக 2022-இல் அறிவித்தது. மற்ற கம்பெனிகளின் டால்க் பவுடர் கடைகளில் இருக்கத்தான் செய்கிறது. பொருள் பட்டியலில் 'டால்க்' என்று போட்டிருக்கும், படித்துப் பாருங்கள்.

ஒரு பொருள் மேல் சந்தேகம் என்றால் நீங்களே சோதனைக்கு அனுப்பலாம். மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டத்தின் 26-வது பிரிவுப்படி, கட்டணம் கட்டினால் அரசுப் பகுப்பாய்வாளர் கையெழுத்திட்ட ரிப்போர்ட் தர வேண்டும். இது பலருக்குத் தெரியாத உரிமை.

மாமியாரிடம் புற்றுநோய் பேச்சே எடுக்காதீர்கள், சண்டைதான் வரும். குழந்தை மூச்சில் போகும் என்று சொல்லுங்கள். டால்க் ஆனாலும் சோள மாவு ஆனாலும் பறக்கிற தூள் நுரையீரலுக்குப் போகும். குழந்தை மருத்துவர்கள் பவுடரே வேண்டாம் என்பது அதற்குத்தான். அடுத்த தடுப்பூசிக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய், டாக்டர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

முப்பது வருடமாகப் போடுகிறேன். மதுரை வெயிலுக்குப் பவுடர் இல்லாமல் முடியாது. நோய் எதுவும் இல்லை. பயமாக இருக்கிறது. என்ன செய்ய?
– வாசகி, செல்லூர்

அந்த இடத்தில் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். பவுடர் போட்ட பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் வருவதில்லை, அதையும் மனதில் வையுங்கள். வேர்வைக்குப் பருத்தித் துணி, இரண்டு வேளைக் குளியல், நன்றாக ஈரம் துடைப்பது. அரிப்பு, புண் என்றால் தோல் டாக்டர்.

இந்த நோய் சத்தம் போடாமல் வரும். வயிறு உப்புசம், நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர். இவை இரண்டு மூன்று வாரம் விடாமல் இருந்தால் பெண் மருத்துவரிடம் போய் ஸ்கேன் கேளுங்கள். அம்மா, அக்கா, சித்தி யாருக்காவது சினைப்பையிலோ மார்பிலோ புற்று வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். என் சித்திக்கு எட்டு மாதம் வாய்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். சீரகத் தண்ணீரும் ஓம வாட்டரும் நாங்களும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். புடவைக் கொசுவம் வயிற்றில் நிற்கவில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம்.